ஜனாதிபதியின் ஒற்றைப் பல்

1789-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி. நியூயார்க் நகரத் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஜன்னல்களிலும் கூரைகளிலும் கூட ஜனங்கள். எல்லோருடைய கண்களும் ஒரு மாடி முகப்பையே நோக்கிக் கொண்டிருந்தன.

அங்கே வந்து நின்றார், ஜார்ஜ் வாஷிங்டன்.

ஆறடிக்கு மேற்பட்ட உயரம். 57 வயது. அமெரிக்காவிலேயே நெய்த பழுப்பு நிறத் துணியில் தைத்த உடை. இடையில் வாள். பைபிள் மீது கை வைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்துக் கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அமெரிக்காவுக்கு முதல் ஜனாதிபதி கிடைத்து விட்டார்.

பிறகு அவர் உள்ளே போய், காங்கிரஸ் அங்கத்தினர்கள் முன்னிலையில் ஓர் உரையைப் படித்தார். படித்த வாயில் அன்று இருந்த சொந்தப் பல் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் ஊரில். சொல் மட்டுமா போகும்? சோறு போகும்; கன்னம் ஒட்டி முகம் போகும். அரசனே இல்லாமல் பிறந்த புதிய நாட்டுக்கு வாஷிங்டன் முகம்தான் முத்திரை. வெளிநாட்டுத் தூதர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாட்டை எடை போட்டார்கள். அந்த முகத்தைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வலி தீர வேண்டுமா, மெல்ல முடிய வேண்டுமா, முகம் நன்றாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி 40 ஆண்டுகளுக்கு மேல் அவரை விடவில்லை.

ஐந்து ஷில்லிங்

வாஷிங்டன் 1732-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி வர்ஜீனியாவில் பிறந்தார். பதினோரு வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் லாரன்ஸ் நிழலில் வளர்ந்தார். அண்ணனுக்குக் காசநோய். கடற்காற்று நல்லது என்று 1751-ல் இருவரும் பார்படாஸ் தீவுக்குப் போனார்கள். போன இடத்தில் தம்பிக்கு அம்மை கண்டது. பிழைத்துக் கொண்டார். அண்ணன் பிழைக்கவில்லை, அடுத்த ஆண்டே இறந்து போனார்.

சிறு வயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்ல மாட்டேன் என்று தந்தையிடம் ஒப்புக் கொண்டாராமே, அந்தக் கதை பொய். அவர் இறந்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிச் சேர்த்தது. அவருக்கு மரத்தில் செய்த பல் இருந்தது என்பதும் அதே ரகம். அவர் வாயில் ஒருபோதும் மரப் பல் இருந்ததில்லை. இருந்தவை எவை என்று கேட்டால், மரமே தேவலை என்று தோன்றும்.

1756-ம் ஆண்டு. வாஷிங்டனுக்கு 24 வயது. வர்ஜீனியாப் படையில் கர்னல். பல்வலி தாங்காமல் டாக்டர் வாட்சன் என்பவரிடம் போனார். குறடு வந்தது, பல் போயிற்று. கூலி ஐந்து ஷில்லிங். காசு விஷயத்தில் கறாரான வாஷிங்டன் அதைக் கணக்கில் எழுதி வைத்தார். அதனால்தான் நமக்கும் தெரிகிறது.

அவர் பல்லைக் கவனிக்காமல் விட்டவர் என்று எண்ண வேண்டாம். பல் பிரஷ், பல்பொடி, வாய் கொப்பளிக்கும் மருந்து என்று வாங்கியவை எல்லாம் கணக்கில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் குறைவு. அப்படியும் பல் நிற்கவில்லை. இளமையில் கொட்டைகளைப் பல்லால் கடித்து உடைத்ததுதான் காரணம் என்று வாஷிங்டனே சொன்னதாக, அவருக்குப் பின் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் சொல்லியிருக்கிறார். அடிக்கடி வந்த நோய்களுக்குப் பாதரசம் கலந்த மருந்து சாப்பிட்டாரே, அதுவும் ஈறைக் கெடுத்திருக்கலாம் என்பது பிற்கால டாக்டர்கள் எண்ணம்.

கம்பி கட்டிய பல்

வாய் முழுவதும் கெட்டுப்போன ஒருவர் இன்று பல் டாக்டரிடம் போனால் என்ன நடக்கும்? எக்ஸ்ரே எடுப்பார்கள். சீழ் இருந்தால் முதலில் அதற்கு வழி செய்வார்கள். அடுத்தது ஈறு. ஈறும் தாடை எலும்பும் உறுதியாக இல்லாவிட்டால், அதன் மேல் எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் நிற்காது. பிறகு எந்தப் பல்லைக் காப்பாற்றலாம், எதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகு மெல்லுவதற்கு வழி. நிறமும் வரிசையும் அழகும் கடைசிப் பந்தி.

அழகு அற்ப விஷயம் என்று இதற்கு அர்த்தமல்ல. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவருக்கு அதுவும் ஒரு நோய்தான். அதனால் வைத்தியம் முடியும் வரை தாற்காலிகப் பல் வைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் வரிசை மாறக் கூடாது.

வாஷிங்டனுக்கு இந்த வரிசையைப் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு பல் வலிக்கும், பிடுங்குவார்கள். அடுத்த பல் வலிக்கும்; அதையும் பிடுங்குவார்கள். நெஞ்சில் ஈட்டி பாய்ந்தால் ஈட்டியை மட்டும் உருவுகிற வைத்தியம்! பல் போன இடத்தில் எலும்பு கரையும் என்பதோ, பக்கத்துப் பல் சாயும் என்பதோ அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

யுத்தத்துக்கு முன்பே, ஜான் பேக்கர் என்ற பல் வைத்தியர் அவருக்குப் பொய்ப் பல் செய்து கொடுத்தார். தந்தத்தில் செதுக்கிய பல். அதை மிச்சமிருந்த சொந்தப் பல்லோடு கம்பியால் கட்டினார். பார்வைக்கு ஓட்டை மறைந்தது. ஆனால் இரண்டு ஆள் சுமையை ஒரு ஆள் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? கட்டப்பட்ட நல்ல பல்லும் ஆட்டம் காணத்தான் செய்யும். முகத்துக்காகச் செய்த வேலை, வாயில் மிஞ்சியிருந்ததையும் தின்றது.

பகைவர் கையில் கடிதம்

1775-ல் வாஷிங்டன் சேனாபதியானார். எட்டு ஆண்டு யுத்தம். பனியிலும் பசியிலும் படை கிடந்தது. சேனாபதியின் வாயில் தனியாக ஒரு யுத்தம் நடந்து கொண்டிருந்தது.

1781-ம் ஆண்டு மே மாதம், பாசறையிலிருந்து பிலடெல்பியாவில் இருந்த பேக்கருக்குக் கடிதம் எழுதினார். பல் கம்பியை முறுக்க ஓர் இடுக்கி கேட்டிருந்தார். இப்போது பல் சுரண்டும் கருவி ஒன்றும் வேண்டும். பிலடெல்பியாவுக்கு அண்மையில் தாம் வருவதற்கில்லை. தபாலில் அனுப்பினால் பத்திரமாக வந்து சேரும் என்று எழுதினார்.

தபாலில் பத்திரமாக வரும் என்று எழுதிய அந்தக் கடிதமே பத்திரமாகப் போய்ச் சேரவில்லை! ஆங்கிலேயர் வழியில் தபாலைப் பறித்துக் கொண்டார்கள். கடிதம் நியூயார்க்கிலிருந்த ஆங்கிலத் தளபதி கிளிண்டன் கையில் சிக்கியது.

கிளிண்டன் அதை எப்படிப் படித்திருப்பார்? வாஷிங்டன் தெற்கே வரப் போவதில்லை, நியூயார்க் பக்கமே இருக்கப் போகிறார் என்றுதானே தோன்றும்! அவருடைய கணக்குத் தப்பியதில் இந்தக் கடிதத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று சரித்திர ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். கோடை முடிவில் வாஷிங்டன் படையோடு பிலடெல்பியா வழியாகத் தெற்கே பாய்ந்தார். அக்டோபர் 19-ந் தேதி யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரண் அடைந்தது. கிளிண்டன் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடவில்லை. அவருடைய காகிதங்களோடு அதுவும் இன்று அமெரிக்காவில், மிச்சிகன் சர்வகலாசாலையில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இன்னொரு கடிதம். இது வீட்டுக்கு. மவுண்ட் வெர்னான் பண்ணையைக் கவனித்து வந்த உறவினர் லுண்ட் வாஷிங்டனுக்கு எழுதினார். என் மேஜை அறையில் இரண்டு சிறிய முன்பற்கள் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் இரகசிய அறையில் பார். பத்திரமாகக் காகிதத்தில் சுற்றி அனுப்பு என்பது செய்தி. விழுந்த பல்லை அவர் எறியவில்லை. பொய்ப் பல் கட்டும்போது உதவுமே என்று சேர்த்து வைத்திருந்தார்!

ஒன்பது பற்கள்

1783-ல் யுத்தம் முடிகிற தருவாயில், ல மேயர் என்ற பிரெஞ்சு பல் வைத்தியரைப் பற்றி வாஷிங்டன் கேள்விப்பட்டார். பெரிய கைராசிக்காரர் என்று பேச்சு. ஒருவர் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கி இன்னொருவர் வாயில் நடுவது அவருடைய வித்தை.

வாஷிங்டன் அவசரப்படவில்லை. தம் கீழ் வேலை பார்த்த அதிகாரி ஒருவருக்கு எழுதி, ஆள் எப்படி என்று இரகசியமாக விசாரிக்கச் சொன்னார். அந்தக் கடிதத்தில் தம் மனதைத் திறந்து காட்டியிருக்கிறார். சில பற்கள் ரொம்பத் தொல்லை கொடுக்கின்றன. மாற்றுப் பல் வைக்க முடியுமானால் அவற்றை எடுத்து விடலாம். ஈறுக்கு மருந்து இருந்தால் நல்லது. ஆனால் பிறர் பல்லை நடுவதில் நம்பிக்கை இல்லை; வயதானவர்களுக்கு அது பலிக்கவே பலிக்காது.

கவனியுங்கள். தொல்லை தரும் பல்தான். ஆனாலும் மாற்றுக்கு வழி தெரிந்த பிறகே எடுக்க வேண்டும்! ஓட்டை வாயோடு ஊர் முன்னால் நிற்பதை விட வலியைத் தாங்கிக் கொள்வது மேல் என்பது அவர் எண்ணம். பல்லை நடுவது பலிக்காது என்று சொன்னாரே, அதில் அவர் எந்த டாக்டருக்கும் சளைத்தவரல்ல. அப்படி நட்ட பற்கள் நிலைக்கவில்லை. ஒருவர் நோயை இன்னொருவருக்குக் கொண்டு சேர்த்ததும் உண்டு.

இருந்தாலும் 1784-ம் ஆண்டு மே மாதக் கணக்கில் ஒரு வரி இருக்கிறது. வாஷிங்டன் சரித்திரத்தைப் படிப்பவர்கள் அந்த வரியைச் சுலபமாகத் தாண்டிப் போக முடியாது. பிரெஞ்சு டாக்டருக்காக, நீக்ரோக்களிடமிருந்து ஒன்பது பற்கள். விலை ஆறு பவுன் இரண்டு ஷில்லிங்.

மவுண்ட் வெர்னானில் அடிமைகள் இருந்தார்கள். பல் கொடுத்தவர்களின் பெயர் கணக்கில் இல்லை. எழுதியது எண்ணிக்கையும் தொகையும்தான். அதே ல மேயர் பத்திரிகையில் விளம்பரம் செய்து, நல்ல முன்பல் ஒன்றுக்கு இரண்டு கினி தருவதாகச் சொல்லியிருந்தார். மவுண்ட் வெர்னானில் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. காசு கொடுத்துத்தானே வாங்கினார் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எஜமான் பல் கேட்டால் அடிமை மறுக்க முடியுமா? ஒரு வாயின் அழகுக்கு ஒன்பது இடங்களில் ஆரோக்கியமான பல் போயிற்று.

கிரீன்வுட் கொள்கை

ஜனாதிபதியான பிறகு வாஷிங்டனுக்கு வாய்த்த பல் வைத்தியர் ஜான் கிரீன்வுட். நியூயார்க்காரர். தகப்பனாரும் பல் வைத்தியர். சிறுவனாக இருந்தபோது சுதந்திரப் படையில் குழல் ஊதியவர். அம்மாவின் ராட்டையை மாற்றியமைத்து, காலால் மிதித்துப் பல்லைக் குடையும் யந்திரம் செய்தவர் என்று பல் வைத்திய சரித்திரம் சொல்கிறது.

1789-ல் அவர் செய்து கொடுத்த பல் செட், நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியது. அதில் மனிதப் பற்களைப் பொருத்தியிருந்தார். கீழ்ச் செட்டில் இடது பக்கம் ஒரு துவாரம். எதற்கு? வாயில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கு!

இங்கேதான் கிரீன்வுட் மற்றவர்களிடமிருந்து மாறுபட்டார். காப்பாற்றக் கூடிய பல்லை எடுக்கவே கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு பல் இருந்தாலும் செட்டுக்கு அது முளைக்குச்சி மாதிரி. அவர் அனுபவத்தில் கண்டதற்கு இன்று விஞ்ஞானம் காரணம் சொல்கிறது. பல் வேர் இருக்கும் இடத்தில் தாடை எலும்பு சீக்கிரம் கரையாது. அதனால்தான் கீழ்த்தாடையில் இரண்டொரு வேரையாவது விட்டு வைத்து, அதன் மேல் செட் மாட்டும் முறை இப்போது இருக்கிறது.

அந்தக் காலத்துச் செட்டை இன்றைய செட் போல் நினைக்கக் கூடாது. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சுருள் வில் இணைத்திருக்கும். வில் எப்போதும் வாயைத் திறக்கப் பார்க்கும். தாடையை இறுக்கி மூடிக் கொண்டே இருந்தால்தான் செட் நிற்கும். கொஞ்சம் அசந்தால் வெளியே துருத்திக் கொண்டு வரும். மவுண்ட் வெர்னானில் இப்போது இருக்கும் ஒரு முழு செட்டைப் பார்த்தால் நடுக்கம் வரும். ஈயத்தில் வார்த்த அடிப்பாகம். அதில் மனிதப் பல். மாடு, குதிரைப் பல் என்று கருதப்படுவனவும் சேர்ந்திருக்கின்றன.

இதை வாயில் வைத்துக் கொண்டு சிரிக்க முடியுமா? வாஷிங்டன் கடுகடுப்பானவர் என்று பெயர் வாங்கினார். பாதி பழி அந்த வில்லைச் சேரும். செனட்டர் மக்ளே தம் நாட்குறிப்பில், ஜனாதிபதியின் குரல் தெளிவில்லாமல் பொள்ளலாக ஒலிக்கிறது, செயற்கைப் பல்தான் காரணமாக இருக்கும் என்று எழுதி வைத்தார். காலை உணவு சோளமாவு அடை. வெண்ணெயும் தேனும் ஊறி மிதக்க வேண்டும். அப்போதுதான் மெல்லாமல் விழுங்கலாம்.

1793-ல் இரண்டாம் முறை பதவி ஏற்றபோது அவர் பேசியது மொத்தம் 135 வார்த்தை. அமெரிக்க ஜனாதிபதிகளின் பதவியேற்பு உரைகளில் அதை விடச் சிறியது கிடையாது. பல்தான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை. வாய்க்கு அது அனுகூலமாக இருந்தது என்பதை மறுப்பதற்கும் இல்லை.

கடைசிப் பல்

1796-ல் அந்த ஒற்றைப் பல்லும் போயிற்று. ஏழு ஆண்டு காப்பாற்றிய கிரீன்வுட்டே அதை எடுக்க வேண்டி வந்தது. வாஷிங்டன் அதை அவருக்கே கொடுத்து விட்டார். கிரீன்வுட் அதைத் தங்கச் சிமிழில் கண்ணாடிக்குள் பதித்து, தம் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக் கொண்டார். இப்போது அது நியூயார்க் மருத்துவ அகாடமியில் இருக்கிறது.

முளைக்குச்சி போன பிறகு செட் இருந்த இடத்தில் இருக்குமா? 1797 ஜனவரியில் கிரீன்வுட்டுக்குக் குறை சொல்லி எழுதினார் வாஷிங்டன். செட் வாயில் உறுத்துகிறது. உதட்டை வெளியே தள்ளுகிறது. வீங்கினாற் போல் தெரிகிறது என்று எழுதினார். அதே ஆண்டு மார்ச்சில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். உதட்டுக் கவலை ஓயவில்லை. 1798 டிசம்பரில் மறுபடியும் கடிதம். பல் மூக்குக்குக் கீழே அதிகமாக முன்னுக்கு வந்து விட்டது. எது செய்தாலும் சரி, உதட்டை இன்னும் ஒரு நூல் கூட வெளியே தள்ளும்படி செய்து விடக் கூடாது என்று விவரமாக எழுதினார். அப்போது 66 வயது. ஜனாதிபதி பதவி இல்லை. தேர்தல் இல்லை.

கிரீன்வுட் பதில் வேறு மாதிரி இருந்தது. நீங்கள் அனுப்பிய செட் கறுத்துப் போயிருக்கிறது. போர்ட் ஒயின்தான் காரணம். அதன் புளிப்பு, பல்லின் மெருகைத் தின்று விடும். சாப்பிட்டதும் கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டு, வேறு செட்டை மாட்டிக் கொள்ளுங்கள். சுண்ணத்தூளும் பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள் என்று எழுதினார். ஜனாதிபதி அழகைக் கேட்டார். வைத்தியர் சுத்தத்தைச் சொன்னார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1799 டிசம்பர் 12-ந் தேதி, பனியிலும் மழையிலும் குதிரையேறிப் பண்ணையைச் சுற்றி வந்தார். தொண்டை கட்டியது. மூச்சுத் திணறியது. டாக்டர்கள் திரும்பத் திரும்ப இரத்தத்தை வடித்தார்கள். 14-ந் தேதி இரவு உயிர் பிரிந்தது.

தமக்குச் சொந்தமான அடிமைகளை, மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்ய வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். மார்த்தா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி முதல் தேதி அவர்களை விடுவித்து விட்டார்.

கடைசிப் பல் போன அதே 1796-ல், கில்பர்ட் ஸ்டூவர்ட் என்ற ஓவியர் வாஷிங்டனை எதிரே உட்கார வைத்து ஒரு படம் வரைந்தார். இறுக மூடிய வாய். சற்றே உப்பிய உதட்டோரம். ஓவியர் முகத்தை மட்டும் முடித்து, படத்தைப் பாதியில் விட்டு விட்டார். அமெரிக்க ஒரு டாலர் நோட்டில் அச்சாகியிருப்பது அந்த முகம்தான்.